ஒரு தூதும் பல ஏற்பிகளும்: மூளைப் புரதங்களின் வேறுபாடு ஆயர்பணிக்குக் கற்பிப்பவை

முன்னுரை

அச்சம், உறக்கமின்மை, வலிப்பு, மகப்பேற்றுக்குப் பின் தாய்க்கு வரும் மனச்சோர்வு ஆகியவை, இல்லங்களைச் சந்திக்கச் செல்லும் ஆயர் எவருக்கும் பழக்கமான துன்பங்களாகும். இத்துன்பங்களுக்கு மருத்துவர் தரும் மாத்திரையை உட்கொள்ளும் இறைமக்களுள் பலர், அதனை வெட்கத்தோடு மறைத்தே உட்கொள்கின்றனர். "எனக்கு விசுவாசம் இருந்தால் இம்மாத்திரை எதற்கு?" என்னும் கேள்வி அவர்கள் உள்ளத்தில் ஓயாது எழுகின்றது. இக்கேள்விக்கு நம்மவர் தரும் விடை சில வேளைகளில் உயிருக்கே தீங்காய் முடிவதுண்டு. மாத்திரையைத் திடீரென நிறுத்துவதே விசுவாசத்தின் அடையாளம் என்று போதிக்கும் பிரசங்கங்கள் நாம் அறியாதவை அல்ல.

இப்பொருளைப் பற்றிப் பொறுப்புடன் பேச விரும்பும் ஆயர், மூளையின் அமைப்பைக் குறித்துச் சிறிதேனும் அறிந்திருத்தல் நலம். பாலூட்டிகளின் மூளையில் காணப்படும் ஒரேயொரு புரதக் குடும்பத்தை எடுத்துக்கொண்டு, அதன் துணையலகுகளிடையே உள்ள வேறுபாடு மாந்தரின் அச்சத்தோடும் அமைதியோடும் எவ்வாறு தொடர்புற்றிருக்கின்றது என்பதை விளக்குவதும், அதன்வழி நமக்குக் கிடைக்கும் இறையியல், ஆயர்பணிக் கருத்துகளை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. அடக்கும் தூது

நரம்பணுக்கள் ஒன்றோடொன்று வேதிப்பொருள்களின் வாயிலாக உரையாடுகின்றன. ஓர் அணு வெளியிடும் வேதித் தூதினை அடுத்த அணுவின் மேற்பரப்பிலுள்ள புரதம் ஏற்றுக்கொள்கின்றது. இப்புரதத்தையே ஏற்பி என்பர். தூதுகளுள் சில அடுத்த அணுவைத் தூண்டும். சில அதனை அடக்கும். அடக்கும் தூதுகளுள் மூளையில் தலைமையானது காபா என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஓர் எளிய அமினோ அமிலமாகும். இது மூளையில் இருப்பதை 1950ஆம் ஆண்டில் யூஜீன் ராபர்ட்ஸ், சாம் பிராங்கல் ஆகியோரும், அவர்களைச் சாராமல் ஹோர்ஹே அவபாராவும் வெளியிட்டனர்.

தூண்டுதல் மட்டுமே உள்ள மூளை வேலை செய்யாது. அது வலிப்பில் முடியும். ஒரு கையை உயர்த்துவதற்கும், ஒரு சொல்லைத் தெரிந்து பேசுவதற்கும், இரவில் கண்ணயர்வதற்கும், தேவையற்ற அணுக்கள் அடங்கியிருத்தல் வேண்டும். ஆகவே காபாவின் பணியை வெறும் தடை என்று கருதுதல் தவறாகும். ஒழுங்கான செயல் யாவும் அவ்வடக்கத்தின்மேலேயே நிற்கின்றது.

காபாவை ஏற்கும் ஏற்பிகளுள் காபா-ஏ ஏற்பி எனப்படுவதே இங்கு நாம் கருதுவது. இது அணுவின் சவ்வில் அமைந்த ஒரு வாயில் போன்றது. காபா வந்து பொருந்தும்போது வாயில் திறந்து குளோரைடு அயனிகளைக் கடக்கவிடுகின்றது. வளர்ந்த மூளையின் அணுக்களில் இதன் விளைவாக அணு அமைதியுறுகின்றது. இவையனைத்தும் ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் நடைபெறுகின்றன.

2. ஐந்து அலகுகளாலான வாயில்

இவ்வாயில் ஒரே துண்டாலானதன்று. ஐந்து புரதத் துணையலகுகள் வட்டமாகக் கூடி நிற்க, அவற்றின் நடுவே துளை அமைகின்றது. இவ்வலகுகளுள் முதலில் அறியப்பட்ட இரண்டின் மரபணுக்கள் மாட்டின் மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 1987இல் வெளியிடப்பட்டன. அவற்றுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று பெயரிட்டனர். பின்னர் ஒன்றன்பின் ஒன்றாய் வேறு அலகுகளும் கண்டறியப்பட்டன. புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் பயிலும் மாணவர்க்கு இவ்வெழுத்து வரிசை எளிதில் நினைவில் நிற்கும்.

மனிதரில் இக்குடும்பத்துக்கு 19 மரபணுக்கள் உள்ளன. ஆல்ஃபாவில் ஆறு வகை, பீட்டாவில் மூன்று, காமாவில் மூன்று, டெல்ட்டா, எப்சிலான், தீட்டா, பை ஆகியவற்றில் ஒவ்வொன்று, ரோவில் மூன்று எனக் கணக்கிடுவர். இப்பத்தொன்பதிலிருந்து ஐந்தைத் தெரிந்து கூட்டினால் கணக்கின்படி ஆயிரக்கணக்கான ஏற்பிகள் அமையக்கூடும். ஆனால் உயிருள்ள மூளை அவை எல்லாவற்றையும் கட்டுவதில்லை. சில சேர்க்கைகளையே தெரிந்துகொள்கின்றது. அவற்றுள் மிகுதியாய்க் காணப்படுவது, ஆல்ஃபா-1 இரண்டும், பீட்டா-2 இரண்டும், காமா-2 ஒன்றும் கூடியதாகும்.

எல்லா ஏற்பிகளுக்கும் தூது ஒன்றே. ஆயினும் அத்தூதினை எவ்வளவு நுட்பமாக உணர்வது, எவ்வளவு நேரம் வாயிலைத் திறந்து வைப்பது, எந்த மருந்துக்கு இணங்குவது, அணுவின் எந்த இடத்தில் நிலைகொள்வது என்பனவற்றை அலகுகளின் சேர்க்கையே தீர்மானிக்கின்றது. காமா-2 அலகு உள்ள ஏற்பிகள் பெரும்பாலும் இரு அணுக்கள் சந்திக்கும் இணைப்பிடத்தில் நின்று, திடீரென வந்து மறையும் தூதுக்கு விடையளிக்கின்றன. டெல்ட்டா அலகு உள்ளவை இணைப்பிடத்துக்கு வெளியே நின்று, அணுக்களைச் சூழ எப்போதும் சிறிதளவே பரவியிருக்கும் காபாவையும் உணர்ந்து, இடையறாத மெல்லிய அடக்கத்தைத் தருகின்றன.

இடத்துக்கு ஏற்பவும் இவ்வேறுபாடு அமைந்துள்ளது. ஆல்ஃபா-6 அலகு ஏறக்குறைய முழுமையும் சிறுமூளையின் மணியணுக்களிலேயே காணப்படுகின்றது. ஆல்ஃபா-5 நினைவாற்றலோடு நெருங்கிய தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் பகுதியில் மிகுந்துள்ளது. பருவத்துக்கு ஏற்பவும் மாற்றம் உண்டு. எலிகளில் பிறப்பை அடுத்த நாள்களில் ஆல்ஃபா-2 முதலியன பல பகுதிகளில் மேலோங்கியிருக்க, பின்னர் வளர்ச்சியின் போக்கில் ஆல்ஃபா-1 பெருகி அவ்விடங்களைக் கைக்கொள்கின்றது.

3. ஓர் அமினோ அமிலம் கற்பித்த பாடம்

இவ்வேறுபாடு நடத்தையில் எவ்வாறு வெளிப்படுகின்றது என்பதை விளக்கிக் காட்டியது ஒரு மாத்திரையின் வரலாறாகும். லியோ ஸ்டெர்ன்பாக் என்னும் வேதியியலறிஞர் ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனத்தில் கண்டுபிடித்த பென்சோடயசிபீன் வகை மருந்துகளுள் முதலாவது 1960இலும், டயசிபாம் என்னும் வேலியம் 1963இலும் விற்பனைக்கு வந்தன. டயசிபாம் அச்சத்தைத் தணித்தது, உறக்கம் தந்தது, வலிப்பை நிறுத்தியது, தசையின் இறுக்கத்தைத் தளர்த்தியது, நினைவையும் மங்கச் செய்தது. அது மூளையில் பொருந்தும் இடம் உண்டென்று 1977இல்தான் நிறுவப்பட்டது. அவ்விடம் காபா-ஏ ஏற்பியிலேயே உள்ளதென்பதும், ஆல்ஃபா, காமா அலகுகள் சந்திக்கும் எல்லையில் அது அமைந்துள்ளதென்பதும் பின்னர்த் தெளிவாயின. டயசிபாம் தானே வாயிலைத் திறப்பதில்லை. காபா திறக்கும்போது அதற்குத் துணைநின்று திறப்பை மிகுவிக்கின்றது.

ஒரே மாத்திரை இத்தனை விளைவுகளைத் தருவது எங்ஙனம்? விடைக்கான வழியை மூளையே காட்டியது. ஆல்ஃபா-4, ஆல்ஃபா-6 ஆகிய அலகுகள் உள்ள ஏற்பிகள் டயசிபாமுக்கு இணங்குவதில்லை. காரணம், மற்ற ஆல்ஃபாக்களில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் நிற்கும் ஓரிடத்தில் இவ்விரண்டிலும் ஆர்ஜினின் நிற்பதேயாகும். சுவிட்சர்லாந்திலுள்ள சூரிச் நகரில் ஹன்ஸ் மோலர், ஊவே ருடால்ஃப் ஆகியோரும் அவர்தம் குழுவினரும் இக்குறிப்பைப் பயன்படுத்தினர். சுண்டெலியின் ஆல்ஃபா-1 அலகில் 101ஆம் இடத்திலுள்ள ஹிஸ்டிடினை மட்டும் ஆர்ஜினினாக மாற்றினர். காபாவுக்கு அவ்வேற்பி முன்போலவே விடையளித்தது. டயசிபாமுக்கு மட்டும் செவிடாயிற்று.

1999இல் வெளிவந்த அவ்வாய்வின் முடிவு வியப்பளிப்பதாகும். அச்சுண்டெலிகளுக்கு டயசிபாம் கொடுத்தபோது அவை முன்போல மந்தமடையவில்லை. அம்மருந்தால் வரும் மறதியும் ஏற்படவில்லை. ஆனால் அச்சந்தணிக்கும் விளைவு குறையாமல் நின்றது. அடுத்த ஆண்டு வெளியான ஆய்வில் ஆல்ஃபா-2 அலகில் அதே மாற்றத்தைச் செய்தனர். இம்முறை அச்சந்தணிக்கும் விளைவு மறைந்தது. ஆக, மந்தமும் அச்சந்தணிதலும் ஒரே விளைவின் மிகுதியும் குறைவுமல்ல என்பதும், அவை வெவ்வேறு அலகுகளைச் சார்ந்தவை என்பதும் புலனாயின.

இதிலிருந்து உடனே புதுமருந்து பிறந்துவிட்டதென எண்ணலாகாது. ஆல்ஃபா-2, ஆல்ஃபா-3 ஆகியவற்றை மட்டும் சார்ந்து செயற்படுமாறு உருவாக்கப்பட்ட பொருள்களுள் ஒன்று, விலங்குகளில் உறக்கமூட்டாதிருந்தும் மனிதரில் உறக்கமூட்டியது. சுண்டெலியினின்று மனிதருக்குச் செல்லும் வழி நேரானதன்று என்பதை ஆய்வாளர்களே ஒப்புக்கொள்கின்றனர். பிரசங்க மேடையில் அறிவியலைக் கையாளும் நாமும் இத்தன்னடக்கத்தைக் கைக்கொள்ளுதல் தகும்.

4. பழுதும் துன்பமும்

அலகுகளின் வேறுபாடு நன்மைக்கு ஏதுவாயிருப்பது போலவே, அவற்றுள் நேரும் பழுது துன்பத்துக்கும் ஏதுவாகின்றது. 2001ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலும் பிரான்சிலும் தலைமுறை தலைமுறையாய் வலிப்பு நோயுற்ற இருவேறு குடும்பங்கள் ஆராயப்பட்டன. காமா-2 அலகின் சில நூறு அமினோ அமிலங்களுள் ஒன்றே ஒன்று மாறியிருந்ததே அவர்தம் நோய்க்குக் காரணம் எனக் கண்டனர். அம்மாற்றம் ஒரு குடும்பத்தில் ஓரிடத்திலும் மற்றதில் வேறோரிடத்திலும் இருந்தது. அடுத்த ஆண்டில் ஆல்ஃபா-1 அலகின் மாற்றமும் ஒருவகைப் பரம்பரை வலிப்போடு இணைக்கப்பட்டது. வலிப்பு யாவும் இவ்வாறே வருவதன்று. தலைக்காயம், தொற்று, பக்கவாதம் எனக் காரணங்கள் பலவாகும். ஆயினும் தாயின் பாவமோ தந்தையின் சாபமோ என்று ஊரார் கூறிய ஒன்று, மரபணுவில் ஓரெழுத்து மாறியதன் விளைவாகவும் இருக்கக்கூடும் என்பது இதனால் உறுதியாயிற்று.

இரண்டாவது சான்று பிள்ளைபெற்ற தாயைப் பற்றியது. கருப்பக் காலத்தில் உடலில் அல்லோபிரெக்னனலோன் என்னும் பொருள் மிகுகின்றது. இது காபா-ஏ ஏற்பியின் செயலைப் பெருக்கவல்லது. குறிப்பாக டெல்ட்டா அலகு உள்ள ஏற்பிகள் இதற்கு மிகவும் இணங்குவன. பிள்ளை பிறந்ததும் இப்பொருள் விரைவாகக் குறைந்துவிடுகின்றது. கருவுற்ற சுண்டெலியின் மூளை, இவ்வுயர்வுக்கு ஈடாக டெல்ட்டா அலகைக் குறைத்துக்கொண்டு, பிறப்புக்குப் பின் மீண்டும் அதனை நிரப்புகின்றது. டெல்ட்டா அலகு இல்லாத தாய்ச் சுண்டெலிகள் ஈன்ற பின் சோர்வை ஒத்த நடத்தை காட்டித் தம் குட்டிகளைப் பேணாது விட்டன என்று 2008இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அல்லோபிரெக்னனலோனையே மருந்தாக்கி நரம்பின்வழி செலுத்தும் சிகிச்சைக்கு 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் அளிக்கப்பட்டது. அதே வழியில் செயற்படும் வாய்வழி மருந்தொன்று 2023இல் ஒப்புதல் பெற்றது. குழந்தையைத் தூக்க மனமின்றிச் சுவரை நோக்கிப் படுத்திருக்கும் தாயைப் பார்த்து, "பிள்ளையைத் தந்த கர்த்தருக்கு நன்றி செலுத்தத் தெரியாதவள்" என்று கூறும் நாவு இதனைக் கேட்டேனும் அடங்குவதாக.

5. இறையியல் நோக்கு

முதலாவது, இவ்வறிவு மனிதனைப் பற்றிய திருமறையின் போதனைக்கு முரணானதன்று. ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் மனிதன் மண்ணினால் உருவாக்கப்பட்டு, தேவன் ஊதிய சுவாசத்தால் ஜீவாத்துமாவாகின்றான். அங்கு வரும் எபிரெயச் சொல்லான நெபெஷ், உடலுக்குள் அடைபட்ட தனிப்பொருளைக் குறிப்பதன்று. உயிருள்ள முழு ஆளையே குறிக்கின்றது. ஆத்துமா தூயது, உடல் இழிந்தது என்னும் பிளவு நமக்குப் பிற மூலங்களிலிருந்து வந்தது. முழு ஆளும் மண்ணாலானவனாயின், அவனது அச்சத்திலும் அமைதியிலும் மண்ணுக்குப் பங்கு இருப்பதைக் கண்டு நாம் ஏன் கலங்க வேண்டும்?

இரண்டாவது, கிறிஸ்துவைப் பற்றிய உபதேசமும் இங்கு எழுகின்றது. நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவின் அப்போலினாரியு, கிறிஸ்து மனித உடலை ஏற்றாரேயன்றி மனித மனத்தை ஏற்கவில்லை என்று போதித்தார். 381ஆம் ஆண்டில் கான்ஸ்தந்திநோப்பிளில் கூடிய சங்கம் இப்போதனையைக் கண்டித்தது. மனித மனம் ஏற்கப்படாவிடில் அது மீட்கப்படுவதும் இல்லை என்பது திருச்சபைத் தந்தையரின் வாதமாயிருந்தது. ஆகவே நம் ஆண்டவர் மனித மூளையை உடையவராயிருந்தார் என்று கூறுதல் மரியாதைக் குறைவன்று. அது திருச்சபையின் விசுவாசமேயாகும். கெத்செமனேயில் அவர் திகிலடைந்ததை மாற்கு மறைக்காமல் எழுதுகின்றார். அச்சம் என்பது அவிசுவாசத்தின் மறுபெயராயின், மாற்கு 14ஆம் அதிகாரத்தை நாம் என்ன செய்வது?

மூன்றாவது, எல்லை கடவாதிருத்தலும் வேண்டும். ஐந்து அலகுகள் கூடி ஒரு வாயிலாவதைக் கண்டதும், 1 கொரிந்தியர் 12ஆம் அதிகாரத்தின் சரீரமும் அவயவங்களும் பிரசங்கியாரின் நினைவுக்கு வருவது இயல்பே. அதனை உவமையாகக் கூறலாம். உபதேசத்துக்கு ஆதாரமாகக் காட்டலாகாது. பவுலின் போதனை கிறிஸ்துவின்மேல் நிற்கின்றது, புரதத்தின்மேல் நிற்பதன்று. அதுபோலவே, ஆல்ஃபா-2 அலகு அச்சந்தணிவதில் பங்குகொள்கின்றது என்பதிலிருந்து, தேவசமாதானம் வெறும் வேதிவினை என்று முடிவுசெய்வதும் பிழையாகும். பாடகரின் குரல்நாணை விளக்கியவன் பாட்டின் பொருளை விளக்கியவனாகான். மருந்து தரும் அமைதியில் மனிதன் தன் குற்றத்தினின்று மன்னிக்கப்படுவதில்லை. பகைத்த சகோதரனோடு ஒப்புரவாவதுமில்லை. மறுபுறம், மன்னிப்புப் பெற்றவனுக்கும் வலிப்பு வரக்கூடும். இரண்டையும் ஒன்றாக்காமலும், ஒன்றால் மற்றதை அழிக்காமலும் பேசுவதே நம் கடன்.

நான்காவது, குற்றஞ்சாட்டும் பழக்கத்தைத் திருமறையின் ஒளியிலேயே சோதித்துப் பார்த்தல் வேண்டும். மத்தேயு 17ஆம் அதிகாரத்தில் வரும் மகனைக் குறிக்க, பழைய தமிழ் மொழிபெயர்ப்பு சந்திரரோகி என்னும் சொல்லை வழங்குகின்றது. கிரேக்க மூலத்திலும் அது நிலாவைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்ததே. அக்காலத்தார் அந்நோயை அவ்வாறு விளங்கிக்கொண்டனர். நோயின் காரணத்தைப் பற்றிய விளக்கம் காலந்தோறும் மாறுகின்றது. ஆனால் அப்பகுதியில் மாறாத ஒன்று உண்டு. அங்கு விசுவாசக் குறைவு சீடர்கள்மேல் சுமத்தப்படுகின்றதேயன்றி, நோயுற்ற மகன்மேல் சுமத்தப்படவில்லை. நாமோ அப்பழியைச் சீடராகிய நம்மேல் ஏற்காமல், நெருப்பிலும் நீரிலும் விழும் பிள்ளையின்மேல் வைத்துவிடுகின்றோம்.

6. ஆயருக்குரிய சில குறிப்புகள்

டயசிபாம் வகை மாத்திரைகளைப் பல வாரங்கள் உட்கொண்டவர் அதனைத் திடீரென நிறுத்தினால், கடும் பதற்றமும் உறக்கமின்மையும் தோன்றும், வலிப்பும் வரக்கூடும். ஏற்பிகள் அம்மருந்துக்குப் பழகிவிட்டமையே இதற்குக் காரணம். இம்மருந்துகள் நெடுநாள் பயன்பாட்டில் அடிமைப்படுத்தும் இயல்பும் உடையவை. ஆகவே நிறுத்த விரும்புவது நல்லதே. ஆனால் மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைப்பதே வழி. வலிப்பு மருந்துகளைப் பற்றியும் இதுவே விதி. அவற்றை ஒரு ஜெபக்கூட்டத்தின் முடிவில் எறிந்துவிடச் செய்வது உயிராபத்தை வருவிக்கும்.

மதுவும் இவ்வேற்பிகளின் செயலைப் பெருக்கும் பொருள்களுள் ஒன்றாகும். நெடுங்காலம் மிகுதியாய்க் குடித்தவர் நற்செய்திக் கூட்டத்தில் மனந்திரும்பி அன்றே குடியை விட்டால், அவர் தீர்மானத்தில் நாம் மகிழ்கின்றோம். ஆனால் அடுத்த சில நாள்களில் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஆகியன தோன்றி உயிரையும் பறிக்கக்கூடும். அவரை ஜெபத்தோடு வீட்டுக்கு அனுப்புவது போதாது. மருத்துவமனைக்கும் உடன்செல்லுதல் வேண்டும். மனந்திரும்புதலை அங்கீகரிக்கும் அதே அன்பு, அவர் உடலையும் காக்கக் கடமைப்பட்டுள்ளது.

ஆயர் மருத்துவராக முயலவேண்டியதில்லை. எந்த மாத்திரை, எவ்வளவு என்பது அவர் துறையன்று. அவர் துறை, துன்புறுவோரின் வெட்கத்தைப் போக்குவதும், மருத்துவரிடம் செல்ல அவரைத் தேற்றுவதும், மருந்து தொடமுடியாத குற்றவுணர்வையும் தனிமையையும் தேவசமுகத்தில் அவரோடு சுமப்பதுமாகும்.

முடிவுரை

காபா என்னும் தூது ஒன்றே. அதனை ஏற்கும் வாயில்கள் இடத்துக்கும் பருவத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப வேறுபடுகின்றன. சபையிலும் அச்சமுற்றோர் யாவரும் ஒரே காரணத்தால் அச்சமுறுவதில்லை. ஒரே மருந்தால் தேறுவதுமில்லை. ஒரே பிரசங்கத்தால் ஆறுதலடைவதுமில்லை. 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் சாக விரும்பிச் சூரைச்செடியின்கீழ்ப் படுத்த எலியாவுக்கு, கர்த்தர் முதலில் உபதேசம் செய்யவில்லை. உறங்கவிட்டார், தூதனை அனுப்பி அப்பமும் தண்ணீரும் தந்தார், மீண்டும் உறங்கவிட்டார், மறுபடியும் உணவளித்தார். ஓரேபில் அவனோடு பேசியது அதன் பின்னரே. உடலைப் படைத்தவர் உடலின் தேவையை முதலில் கவனித்த இவ்வொழுங்கினை, அவர் மந்தையை மேய்க்கும் நாமும் பின்பற்றுவோமாக.